உள்ளே இனிப்பு, வெளியே கரி

இன்று காலை தலை வாரும்போதுதான் பார்த்தேன், நெற்றியோரம் ஒரு கொத்து முடி பொசுங்கிச் சுருண்டிருக்கிறது. நேற்று ஆடி ஒன்று. பரமத்தி வேலூரில் எங்கள் தெருமுக்கில், பிள்ளைகளோடு பிள்ளையாகக் குத்தவைத்துத் தேங்காய் சுட்டதற்குக் கிடைத்த பரிசு. "நாற்பது வயதில் நெருப்புக்குள் தலையை விட வேண்டுமா கண்ணு?" என்று அம்மா திட்டினார். எட்டு ஆடிகளை மியூனிக்கில் கழித்துவிட்டு வந்திருக்கிறேன் அம்மா என்றேன். "அதற்காக?" என்றார். அவர் கேட்பதும் நியாயம்தான்.

தேங்காய் நோம்பியை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் பண்டிகை எல்லாமே நோம்பிதான். தீபாவளிகூடத் தீவாளி நோம்பி. ஆடி முதல் நாள் வருவது தேங்காய் சுடும் நோம்பி. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று காவிரியை ஒட்டிய ஊர்களில்தான் இது விசேஷம். கொங்கு நாடு முழுக்க உண்டா என்றால் அதுவும் இல்லை. என் கணவர் காங்கேயத்துக்காரர். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலமும் மாடுகளும்தான் அவர்கள் உலகம். "எங்களுக்கு நோம்பி என்றால் பட்டிப் பொங்கல். தேங்காயைச் சட்னிக்கு அரைப்பார்கள், யாராவது சுடுவார்களா?" என்று கேட்டார். எங்கே உட்கார்ந்துகொண்டு? தலை ஆடிக்கு மாமனார் வீட்டு விருந்துக்கு வந்து, இலையில் ஒப்புட்டை வைத்துக்கொண்டு. அப்பா ஒன்றும் பேசாமல் சிரித்தபடி மாப்பிள்ளை கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்.

எதற்காகச் சுடுகிறோம் என்பதற்கு ஆத்தா, அதாவது என் பாட்டி, ஒரு கதை வைத்திருந்தார். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்ததாம். தர்மம் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போர் தொடங்கிய அன்று தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைத்தார்களாம். குருச்சேத்திரத்தில் தென்னை மரம் ஏது என்று ஏழாவது படிக்கும்போது கேட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கினேன். இப்போதும் எனக்கு அந்தச் சந்தேகம் தீரவில்லை. காவிரியில் புதுத்தண்ணீர் வரும் காலம், தென்னை நிறைந்த ஊர், கரும்பாலையில் வெல்லம் காய்ச்சும் ஊர், சும்மா இருக்காத பிள்ளைகள். இந்த நாலும் சேர்ந்தால் யாருக்கும் ஒரு தேங்காயைச் சுட்டுப் பார்க்கத் தோன்றாதா?

ஆடி பிறப்பதற்கு நாலைந்து நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். தேங்காய் ரொம்பவும் முற்றிக் கொப்பரைப் பதத்துக்குப் போயிருக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். நாரை உரித்தால் மட்டும் போதாது. குடுமியையும் பிய்த்துவிட்டு, வாசல் சிமெண்டுத் தரையில் உருட்டி உருட்டித் தேய்க்க வேண்டும். தெருவெல்லாம் கரகரவென்று அந்தச் சத்தம்தான் கேட்கும். தேங்காய் ஓடு, எங்கள் பேச்சில் தொட்டி, மொட்டையடித்த தலைபோல வழவழவென்று ஆனதும் மஞ்சள் பூசி வெயிலில் வைப்போம். நார் ஒட்டியிருந்தால் அது முதலில் பற்றிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் கருகிவிடும். இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முழுத் தேங்காயைப் பலி கொடுத்திருக்கிறேன்.

தேங்காய்க்கு மூன்று கண். அதில் ஒன்றுதான் இளகிய கண். ஆணியால் அதைக் குடைந்து, தண்ணீரைச் சொம்பில் வடித்துக்கொள்ள வேண்டும். பாதியைக் குடித்துவிடலாம், மீதி வேண்டும். பிறகு அந்தச் சுண்டுவிரல் ஓட்டை வழியாகப் பச்சரிசி, பாசிப்பருப்பு, எள், பொட்டுக்கடலை, நுணுக்கிய வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் சிட்டிகை சிட்டிகையாக உள்ளே விட வேண்டும். அடைத்துக்கொண்டால் ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். ஒரு காய்க்கு அரை மணி நேரம் பிடிக்கும். அதற்குள் பாதி வெல்லம் வாய்க்குள் போயிருக்கும். முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும். அரிசியும் பருப்பும் வெந்து பூரிக்க இடம் வேண்டுமே. கடைசியில் எடுத்துவைத்த தண்ணீரைத் திரும்ப ஊற்றி, சீவிய அழிஞ்சிக் குச்சியைக் கண்ணில் இறுகச் செருகினால் தேங்காய் தயார். அழிஞ்சிக் குச்சியை அந்த வாரம் கடைவீதியில் கட்டுக்கட்டாக விற்பார்கள். பச்சைக் குச்சி என்பதால் சட்டென்று தீப்பிடிக்காது. காய்க்கு அதுதான் மூடி, அதுதான் கைப்பிடி.

வெல்லத்துக்கு எங்கள் வீட்டில் தனி அதிகாரி அப்பா. பக்கத்துப் பிலிக்கல்பாளையத்தில் வெல்ல ஏலச் சந்தை இருக்கிறது. முப்பது கிலோ ஒரு சிப்பம் என்று கட்டி ஏலம் விடுவார்கள். அப்பாவுக்கு அங்கே பழக்கம். உருண்டை வெல்லமா அச்சு வெல்லமா என்று மூக்கில் வைத்துப் பார்த்துத்தான் வாங்குவார். வெளுத்த வெல்லத்தைக் கண்டால் "துணி துவைக்கவா?" என்பார்.

பொழுது சாயும் நேரத்தில் தெருமுக்கில் காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை எல்லாம் குவித்துத் தீ மூட்டுவார்கள். சுற்றிலும் உட்கார்ந்து ஆளுக்கொரு குச்சியை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மஞ்சள் முதலில் பழுப்பாகும், பிறகு கறுக்கும். குச்சியைச் சுற்றிப் புஸ்ஸென்று ஆவி கிளம்பும், வெல்லப்பாகு ஒரு சொட்டு எட்டிப்பார்க்கும். அப்புறம் ஒரு சத்தம்: பட். தொட்டியில் மயிரிழை விரிசல் விழும். அதற்கு மேல் ஒரு நிமிடம் நெருப்பில் வைத்தாலும் கருகிவிடும், அதற்கு முன்பே எடுத்தால் அரிசி வெந்திருக்காது. பிள்ளையார் கோயிலில் வைத்துக் கும்பிட்டு உடைத்தால், தொட்டி ஓடுபோலக் கழன்று வரும். வெள்ளைப் பருப்பு பழுப்பேறி, உள்ளே பாகோடு பிசைந்த சோறும் எள்ளும். விளிம்பில் புகை வாசம் ஏறிய அந்த ஒரு விரற்கடைப் பருப்புக்காக என் தம்பியோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் அதுவே ஒரு பாரதம்.

2016 செப்டம்பரில் மியூனிக் போனோம். கணவருக்கு அங்கே வேலை, மகனுக்கு ஒரு வயது.

வெளிநாட்டில் பெரிய பண்டிகைகளுக்குக் குறைவே இல்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் யாராவது மண்டபம் பிடித்துவிடுவார்கள். பட்டுப் புடவை, நாலு மணி நேரக் கலை நிகழ்ச்சி, ஆறிப்போன வடை. குறை சொல்லவில்லை, நானும் அந்த வடைக்காக வரிசையில் நின்றவள்தான். ஆனால் நாலு மாவட்டத்துக்கு மட்டும் சொந்தமான நோம்பிக்கு யார் மண்டபம் பிடிப்பார்கள்? அலுவலகத் தோழி சென்னைக்காரி. அவளிடம் சொன்னபோது, "தேங்காயைச் சுடுவீர்களா? பாவம், ஏன்?" என்றாள். திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர் நான் கதை கட்டுகிறேன் என்றே முடிவு செய்துவிட்டார். ஜெர்மானியர்களுக்கு விளக்குவதற்கு முன் தமிழர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது.

ஊருக்கே வந்துவிடலாம் என்றால், மகன் பள்ளியில் சேர்ந்த பிறகு அதற்கும் வழியில்லை. ஜெர்மனியில் கோடை விடுமுறையைக் கடைசியாக விடும் மாநிலங்களில் பவேரியாவும் ஒன்று. ஜூலை முடியும் வரை பள்ளி உண்டு. அதற்கு முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினால் அபராதம். ஆடி ஒன்றோ ஜூலை 16 அல்லது 17. அடித்துப் பிடித்து வந்தால் ஆடிப் பதினெட்டுக்கு வரலாம், தூரி என்னும் ஊஞ்சல் ஆடலாம். தேங்காய்க்கு வர முடியாது.

முதல் ஆடி, 2017. அன்று திங்கட்கிழமை. முந்தின சனிக்கிழமையே ஒரு பெரிய கடையில் தேங்காய் வாங்கிவிட்டேன். நார் ஒரு இழைகூட இல்லாமல் சுத்தமாக இருந்தது. தேய்க்கும் வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். நடுவில் வட்டமாக ரம்பத்தால் ஒரு கோடு அறுத்திருந்தார்கள். உடைக்கத் தெரியாதவர்கள் சுலபமாக உடைத்துக்கொள்வதற்காம். என்ன ஒரு அக்கறை என்று அதையும் மெச்சினேன். அந்தக் கோட்டுக்கும் நெருப்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

பால்கனியில் கரியடுப்பு மூட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. அதனால் மின்சார ஓவன். அழிஞ்சிக் குச்சிக்குப் பதில் கபாப் குத்தும் மூங்கில் குச்சி நாலைச் சேர்த்துக் கட்டிச் செருகினேன். கால் மணி நேரம் அமைதி. பிறகு கேட்டது பட் இல்லை, டமார். தேங்காய் அறுத்த கோட்டோடு இரண்டாகப் பிளந்து, பிலிக்கல்பாளையத்து வெல்லம் முழுவதும் ஓவனின் அடித்தகட்டில் ஓடிப் பற்றிக்கொண்டது. கறுப்புப் புகை, மேலே புகை அறிவிப்பான் அலறல், இடுப்பில் பிள்ளை அலறல். நான் தலையணையை எடுத்து விசிறிக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டியவர் மாடி வீட்டுப் பாட்டி. எழுபதைத் தாண்டியவர். நேராக உள்ளே வந்தார், ஜன்னல்களைத் திறந்தார், ஓவனைப் பார்த்தார், மஞ்சள் பூசிய அரைத் தேங்காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேக்கா?" என்றார். அப்போது எனக்கு ஜெர்மன் மொழியில் நூறு சொல் தெரிந்திருந்தால் அதிகம். "தேங்காய். நெருப்பு. கடவுள்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது, மறுநாள் காலை அடுப்பு துடைக்கச் சமையல் சோடாவோடு வந்து நின்றார்.

அவரிடம் முழுக் கதையையும் சொல்லி முடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது, அவ்வளவு மெதுவாக வந்தது மொழி. குச்சி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரில் பிள்ளைகள் ரொட்டி மாவைக் குச்சி நுனியில் பாம்புபோலச் சுற்றி, தீயில் வாட்டித் தின்பார்கள். ஷ்டோக்புரோட் என்று பெயர், குச்சி ரொட்டி. அதற்கு ஹேசல் குச்சிதான் நல்லது, அதுவும் பச்சையாக இருக்க வேண்டும் என்றார். காரணம் கேட்டேன். "சீக்கிரம் எரியாது" என்றார். ஆத்தா அழிஞ்சிக்குச் சொன்ன அதே காரணம். நகருக்கு வெளியே அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம் இருந்தது. 2018 ஆடிக்கு முந்தின நாள், அங்கிருந்த ஹேசல் புதரில் நாலு குச்சி வெட்டி, பட்டையைச் சீவி, நுனியைக் கூராக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

நல்ல தேங்காய்க்கு வேறு இடம் கிடைத்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஈழத் தமிழர் கடை ஒன்று. கடை அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் நடுவில் கிழக்கு பெர்லின் வழியாக வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். குடுமியோடு கூடிய தேங்காய்கள் அவர் கடை வாசலில் கூடையில் கிடக்கும். நான் ஒவ்வொன்றாகக் காதருகில் ஆட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன பிள்ளை, ஆடிப்பிறப்புக்கோ?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு வருடத்தில் அந்த ஊரில் ஆடி ஒன்று என்ற நாளைத் தானாகச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவர்கள் ஊரில் அன்று ஆடிக்கூழும் கொழுக்கட்டையும் என்றார். நாங்கள் தேங்காய் சுடுவோம் என்றேன். "சுடுறதோ? முழுசாயோ?" என்று அவருக்கு ஒரே சிரிப்பு. காசு வாங்கும்போது ஒரு காயைத் தள்ளிவைத்துவிட்டு, "இது வேண்டாம், கண் சரியில்லை" என்று வேறொன்றைக் கொடுத்தார்.

மியூனிக்குக்குள் ஓடும் ஆறு ஈசார். ஆல்ப்ஸ் மலையிலிருந்து வரும் பச்சை நிறத் தண்ணீர், கை வைத்தால் ஜூலையிலும் சுரீர் என்று குளிரும். ஃப்ளௌஹர் என்ற இடத்தில் கூழாங்கல் திட்டுகள் பரந்து கிடக்கும், குறித்த பகுதிகளில் கரியடுப்பு வைத்துச் சுட்டுச் சாப்பிடலாம். தரையில் நேரடியாகத் தீ மூட்டக் கூடாது, காலுள்ள அடுப்பு வேண்டும். ஒரு வசதி என்னவென்றால், அங்கே ஜூலையில் ஒன்பது மணிக்கு மேல்தான் பொழுது சாயும். வேலை முடிந்து ஏழு மணிக்குப் போனாலும் உச்சிப் பொழுது மாதிரி வெயில் இருக்கும். ஊரில் அப்போது இரவு பத்தரை. அம்மாவுக்குத் தொலைபேசியில் காட்டலாம் என்றால் அவர் நோம்பியை முடித்துப் பாத்திரம் கழுவித் தூங்கியிருப்பார்.

கரித்தணலில் சுடுவது வேறு கலை. ஓலைத் தீ நாக்கை நீட்டிக் காயைச் சுற்றி நக்கும், தணல் ஒரு பக்கம்தான் சுடும். ஊரில் இருபது நிமிடம் என்றால் அங்கே முக்கால் மணி நேரம். குச்சியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், தோள் இற்றுப்போகும். என் கணவர் இரண்டு செங்கல்லை அடுக்கிக் குச்சிக்கு முட்டுக் கொடுத்தார். "காங்கேயத்துக்காரன் மூளை" என்று அவரே சொல்லிக்கொண்டார். சரி, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்துத் திட்டில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்த நாலு இளைஞர்கள் கொஞ்ச நேரம் கரியுருண்டையையே பார்த்துவிட்டு அருகில் வந்து, அது என்ன இறைச்சி என்று கேட்டார்கள். இறைச்சி இல்லை, உள்ளே சோறு என்றேன். அந்த நேரம் பார்த்துத்தான் அது பட் என்றது. நாலு பேரும் பின்னால் குதித்தார்கள்.

அன்று வந்தவர்கள் சென்னைத் தோழி, நெல்லை நண்பரின் குடும்பம், மாடிப் பாட்டி, நாங்கள் மூவர். உடைத்துக் கொடுக்கும்போது, "தொட்டி சூடாக இருக்கிறது, பார்த்து" என்றேன். எந்தத் தொட்டி என்று சுற்றிப் பார்த்தார்கள். சென்னைக்காரிக்கு அது கொட்டாங்குச்சி. நெல்லைக்காரருக்குச் சிரட்டை. ஒரு தேங்காய் ஓட்டுக்கு இத்தனை பேரா என்று அடுத்த பத்து நிமிடம் அதே பேச்சு. பாட்டி மட்டும் எதுவும் பேசாமல் விளிம்பில் இருந்த புகையேறிய பருப்பைக் கத்தியால் பெயர்த்துத் தின்றுகொண்டிருந்தார். எங்கே ருசி இருக்கிறது என்று ஒருவரும் சொல்லித் தராமலே கண்டுபிடித்துவிட்டார்.

அதன் பிறகு வருடம் தவறாமல் நடந்தது. மழை கொட்டிய ஆண்டு உண்டு, குடைக்குள் சுட்டோம். ஒரு வருடம் அரிசியை ஊறவைத்துவிட்டுப் போட்டேன், குழைந்து களியானது. ஊறவைக்கக் கூடாது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் பெரியது 2022. ஆடி ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாவும் அப்பாவும் மூன்று மாத விசாவில் வந்திருந்தார்கள், பெட்டியில் பாதி வெல்லம். அப்பா அழிஞ்சிக் குச்சிகூட எடுத்துவைத்திருக்கிறார், நான்தான் விமான நிலையத்தில் வம்பு என்று தடுத்தேன். கடை அக்காவையும் கூப்பிட்டிருந்தேன்.

ஃப்ளௌஹர் கரையில் ஆடையில்லாமல் வெயில் காய்வதற்கு அனுமதித்த பகுதி ஒன்று உண்டு என்பதை அம்மாவிடம் சொல்ல மறந்திருந்தோம். ஆறு வருடத்தில் எங்கள் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது. அம்மா ஒரு கணம் நின்றார். "நோம்பிக்கு வந்த இடத்தில் இது என்ன கண்ணு?" என்றார். பிறகு முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, ஆற்றைப் பார்க்காமல் மரங்களைப் பார்த்து உட்கார்ந்தவர், மூன்று மணி நேரம் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா மட்டும் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று அடிக்கடி எழுந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை அக்கா ஒரு பெரிய பானையைத் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். ஆடிக்கூழ். பலா இலையைக் கோலி அதில் மொண்டு குடிக்க வேண்டுமாம். காகிதக் கிண்ணத்தில் ஊற்றும்போது, "இலை இல்லாமல் இது கூழே இல்லை" என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். நாங்கள் ஓலை இல்லாமல் சுடுகிறோம், அவர் இலை இல்லாமல் குடிக்கிறார், சரிக்குச் சரி. ஒரு வாய் குடித்தேன். நிறுத்தி, என்னவெல்லாம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். பச்சரிசி மா, வறுத்த பயறு, தேங்காய்ப் பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி, ஏலம், கொஞ்சம் மிளகு. பனங்கட்டி என்றால் நம் கருப்பட்டி, சொட்டு என்றால் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். நான் கையிலிருந்த உடைத்த காயைப் பார்த்தேன். பச்சரிசி, பாசிப்பருப்பு, தேங்காய், வெல்லம், ஏலம். எள்ளும் பொட்டுக்கடலையும் எங்களுக்குக் கூடுதல், மிளகு அவர்களுக்குக் கூடுதல். நடுவில் கடல் இருக்கிறது. யார் யாரிடம் கற்றார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஆடி பிறக்கும் அன்று இரண்டு ஊர்க்காரர்களும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எடுப்பது ஒரே சாமான்களைத்தான்.

அக்கா எங்கள் காயில் ஒரு துண்டைத் தின்றுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. "சிரட்டைப் புகை மணம், அம்மாவின் அடுப்படி மாதிரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா அவர் கிண்ணத்தில் இன்னொரு துண்டு வைத்தார்.

இந்த 2025 மே மாதம் ஊரோடு திரும்பிவிட்டோம். ஏன் என்பதைத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன், அது நோம்பிக் கதை இல்லை. ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள், மாதம் முடிவதற்குள் அணையும் 120 அடி நிரம்பிவிட்டது. பாலத்தில் நின்று பார்த்தால் ஆறு கலங்கலாக, அகலமாகப் போகிறது. ஈசாரை எத்தனை வருடம் ஆறு என்று சொல்லிக்கொண்டிருந்தோம்!

நேற்று மகனுக்குத்தான் எல்லாம் விநோதம். பத்து வயதாகிறது, விவரம் தெரிந்த நாளிலிருந்து தேங்காய் நோம்பி என்றால் அவனுக்குக் கூழாங்கல், காலுள்ள அடுப்பு, மாடிப் பாட்டி. தெருமுக்கில் ஓலையைக் குவித்ததும் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, தரையில் தீ மூட்டுகிறார்களே, போலீஸ் வராதா?" என்று ரகசியமாகக் கேட்டான். பக்கத்து வீட்டுப் பையன் அழிஞ்சிக் குச்சியை நீட்டியபோது அதை முகர்ந்து பார்த்து, இது வேறு குச்சி என்றான். கொஞ்ச நேரம் தள்ளி நின்றான். ஓலைத் தீ எழும்பிய வேகத்தைப் பார்த்ததும் ஓடிவந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டான். அவனை இழுத்துப் பின்னால் உட்கார வைக்கப் போனபோதுதான் என் முடி பொசுங்கியது.

நான் காலையிலேயே ஆடிக்கூழ் காய்ச்சியிருந்தேன். கடை அக்கா தொலைபேசியில் வழி சொல்லச் சொல்ல, எங்கள் ஊர்க் கருப்பட்டி போட்டு. அப்பா தோட்டத்துப் பலா மரத்தில் நாலு இலை பறித்துக்கொண்டு வந்தார், ஈர்க்குச்சியால் தைத்துக் கோலினோம். முதல் இலையைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். பதிலாக அவர் கரிந்துபோன ஒரு தேங்காயின் படத்தை அனுப்பினார். மாடிப் பாட்டியின் தோட்டத்தில் சுட்டார்களாம், பாட்டியும் அவரும். கண்ணை அடைக்காமல் விட்டுவிட்டதால் பாகு முழுக்க வெளியே வந்துவிட்டது, அடுத்த முறைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தார். குச்சியின் நுனியில் துணி சுற்றிச் செருகுங்கள் என்று எழுதினேன்.

அம்மா திண்ணையில் உட்கார்ந்து இலையில் இருந்த கூழை உறிஞ்சினார். இன்னும் ஒரு வாய். மிளகைப் பல்லில் கடித்து முகத்தைச் சுளித்தார்.

"தேங்காய்க்குள் போக வேண்டியதை எல்லாம் வெளியே கொட்டிக் கரைத்துவிட்டார்கள்" என்றார். பிறகு இலையை நீட்டினார், நான் இன்னொரு கரண்டி ஊற்றினேன்.